செங்கல்பட்டு மண்ணும் வேலூர்க் குடலும்: தமிழகத்தில் நுண்ணுயிர்த் தொகுதி ஆய்வின் முன்வரலாறு

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் தந்தது, டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை. 1937இல் அதை அரசு ஏற்றது. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே அன்றைய சிகிச்சை. மருந்துகள் வந்ததும் நிலைமை மாறியது. 1956இல் சேத்துப்பட்டில் அமைந்த காசநோய் வேதிச்சிகிச்சை மையம் 1959இல் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டது. வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்ட ஏழை நோயாளிகள், சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே தேறியிருந்தார்கள். கிருமியைக் கொன்றால் போதும் என்ற எண்ணம் அதனால் வலுத்தது.

அந்த எண்ணம் போதாது என்பதும் நம் பக்கத்திலேயே தெரியவந்தது. தாம்பரத்தையும் உள்ளடக்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் பகுதியில், 1968இல் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. 2.5 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசியோ, ஒப்பீட்டுக்கான மருந்தில்லா ஊசியோ போடப்பட்டது. பிரிட்டனில் பள்ளிப் பருவத்தினரிடம் முக்கால் பங்குக்கு மேல் பாதுகாப்பு தந்த தடுப்பூசி அது. ஆனால் 1979இல் வெளியான முதல் முடிவு, நுரையீரல் காசநோய்க்கு எதிராக அது இங்கே பாதுகாப்பு தரவில்லை என்றது. 1999இல் வெளிவந்த 15 ஆண்டுக் கண்காணிப்பும் பெரியவர்களைப் பொறுத்தவரை அதையே உறுதிசெய்தது.

ஏன்? இங்குள்ள காசக் கிருமி வகைகளின் வீரியம் குறைவு என்பது முதல் பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. நம் பொருளுக்கு முக்கியமானது, மண்ணிலும் நீரிலும் வாழும் மைக்கோபாக்டீரியங்கள் பற்றிய விளக்கம். காசநோயை உண்டாக்காத இந்த உறவுக் கிருமிகளோடு நம் மக்கள் சிறுவயது முதலே பழகுகிறார்கள். அந்தப் பழக்கமே ஓரளவு எதிர்ப்பாற்றலைத் தந்துவிட்டால், தடுப்பூசி கூடுதலாகத் தருவதற்கு அதிகம் இருக்காது. அல்லது, ஏற்கெனவே உருவான எதிர்ப்பாற்றல் தடுப்பூசியிலுள்ள உயிருள்ள கிருமியையே பெருகவிடாமல் அடக்கிவிடலாம். மண்ணிலும் நீரிலும் வாழும் இந்தக் கிருமிகள் உடலில் நிலையாகக் குடியிருப்பவை அல்ல. ஆகவே இன்றைய பொருளில் இதை நுண்ணுயிர்த் தொகுதி ஆய்வு, அதாவது உடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டத்தைப் பற்றிய ஆய்வு, என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் எந்த நுண்ணுயிர்களோடு வாழ்கிறார் என்பது மருந்தின் பலனையே மாற்றக்கூடும் என்ற கேள்வி, இவ்வளவு பெரிய அளவில் இங்கே எழுந்ததை நம் பாடநூல்கள் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை.

குடலுக்குள் சென்ற ஆய்வு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. ஆல்பர்ட், மத்தான், பேக்கர் ஆகிய மூவரும் 1980இல் 'நேச்சர்' இதழில், சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் வைட்டமின் பி12 தயாரிக்கின்றன என்று காட்டினார்கள். பெருங்குடலில் உருவாகும் பி12 உடலில் சேர்வதில்லை. அதை உறிஞ்சும் இடம் அதற்கு முன்பே சிறுகுடலின் கடைப்பகுதியில் முடிந்துவிடுகிறது. சிறுகுடலில் உருவானால் பயன்பட வாய்ப்புண்டு. 2000இல் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர், காலரா நோயாளிகளுக்கான உப்புச் சர்க்கரைக் கரைசலில் எளிதில் செரிக்காத மாவுச்சத்தைக் கலந்தபோது வயிற்றுப்போக்கு குறைந்ததைக் காட்டினார்கள். பெருங்குடல் பாக்டீரியாக்கள் அந்த மாவுச்சத்தை நொதிக்கச் செய்து கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவை உப்பையும் நீரையும் உடல் மீண்டும் உறிஞ்ச உதவுகின்றன. நுண்ணுயிரை வைத்தே நோயாளியைத் தேற்றும் இந்த வழி என்னை மிகவும் கவர்கிறது.

இன்று கிண்டி ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் இளம் ஆய்வாளர்கள் மரபணுத் தரவுகளோடும் கணினியோடும் இத்துறைக்கு வருகிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தின் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பதை ஐ.ஐ.டி. குழு நாசா ஆய்வாளர்களோடு சேர்ந்து 2022இல் கணித்துக் காட்டியது. திறமைக்குக் குறைவில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைக்கும் தரவுகளில் பெரும்பகுதி மேலைநாடுகளைச் சேர்ந்தது. 2012இல் வெளியான அமெரிக்காவின் மனித நுண்ணுயிர்த் தொகுதித் திட்ட முடிவுகளே 242 அமெரிக்கர்களிடம் எடுத்த மாதிரிகளைக் கொண்டவை. பி.சி.ஜி. தந்த பாடத்துக்குப் பிறகும் அவர்களின் அளவுகோலை நமக்கு அப்படியே பொருத்துவது சரியல்ல.

ஹைட்டி நாட்டு நோயாளிகளிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வு, ஆறு மாதக் காசநோய் சிகிச்சை குடல் நுண்ணுயிர்களில் உண்டாக்கும் மாற்றம் சிகிச்சை முடிந்த பின்னும் நெடுங்காலம் நீடிப்பதாகக் காட்டுகிறது. நம் நோயாளிகளிடமும் அப்படித்தானா என்ற கேள்வியைத் தாம்பரம் சுற்றுவட்டாரத்து முனைவர் பட்ட மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்து முடித்து வீடு திரும்பும் நம் நோயாளிகளைச் சில ஆண்டுகளாவது தொடர்ந்து கவனிக்க வேண்டும். அதற்கான நிதியையும் நெறிக்குழு ஒப்புதலையும் மூத்தவர்கள் முன்நின்று பெற்றுத்தர வேண்டும்.