சுமையை யார் சுமப்பது? ஜெர்மனியில் தனிமனிதப் பொறுப்பு பற்றிய கிறிஸ்தவ, இஸ்லாமிய சிந்தனையின் வரலாறு

1517ஆம் ஆண்டில் விட்டன்பர்க் நகரத்தார் பலர் எல்லை தாண்டி யூட்டர்போக் என்ற ஊருக்குப் போய் வந்தார்கள். அங்கே யோஹான் டெட்சல் என்ற டொமினிக்கன் துறவி பாவப்பரிகாரச் சீட்டுகளை விற்றுக்கொண்டிருந்தார். சாக்சனியின் ஆட்சியாளர் பிரடெரிக் தம் நாட்டுக்குள் அந்த விற்பனையை அனுமதிக்கவில்லை. ஆனால் எல்லைக்கு அப்பால் போய் வாங்குவதை யாரும் தடுக்க முடியவில்லை. சீட்டோடு திரும்பியவர்கள், இனித் தங்களுக்குத் தவமுயற்சி எதுவும் தேவையில்லை என்ற நினைப்போடு பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தார்கள் என்கிறது சீர்திருத்தத் திருச்சபை வரலாறு. அவர்களுடைய பாவ அறிக்கையைக் கேட்ட குருக்களில் ஒருவர் மார்ட்டின் லூதர்.

ஒருவர் செய்த செயலுக்கான கணக்கை இன்னொருவர் தீர்க்க முடியுமா? யூட்டர்போக்கில் எழுந்த இந்தக் கேள்வி ஐந்நூறு ஆண்டுகளாக ஜெர்மனியை விடவில்லை. முதலில் திருச்சபைக்குள், பிறகு தத்துவத்தில், ஒரு பேரழிவுக்குப் பின் அரசியலில், இன்று இஸ்லாமிய இறையியல் துறைகளில் அது கேட்கப்படுகிறது. இந்த நெடும்பயணத்தில் இரண்டு சமயங்களும் எதிரெதிர்த் திசையில் நடந்து வந்து ஓரிடத்தில் சந்திக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். ஜெர்மன் கிறிஸ்தவச் சிந்தனையில் வலுவான ஓர் ஓட்டம் அருளில் தொடங்கிப் பொறுப்புக்கு வந்தது. அங்கே வேர்விடும் இஸ்லாமிய இறையியலின் ஒரு கிளை கணக்கில் தொடங்கி அருளுக்கு வந்திருக்கிறது.

சீட்டு விற்பனையின் பின்னணியை நியாயமாகவே சொல்ல வேண்டும். பணம் கொடுத்தால் பாவக் குற்றமே நீங்கிவிடும் என்று திருச்சபை அதிகாரப்பூர்வமாக ஒருபோதும் போதிக்கவில்லை. குற்றம் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிக்கப்படுகிறது. எஞ்சியிருக்கும் தற்காலிகத் தண்டனையை மட்டும் கிறிஸ்துவும் புனிதர்களும் ஈட்டிவைத்த புண்ணியக் கருவூலத்திலிருந்து ஈடுசெய்யலாம் என்பதே போதனை. 1476இல் திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ் இந்தச் சலுகையை உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் ஆன்மாக்களுக்கும் விரித்தார். அதன்பின் இறந்த தாய் தந்தையருக்காகவும் சீட்டு வாங்கலாம் என்றாயிற்று. 1517இல் விற்ற சீட்டுகளின் வருவாயில் பாதி ரோமின் புனித பேதுரு பேராலயத்துக்குப் போனது. மறுபாதி, மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் தம் பதவிக்காக ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் வணிகக் குடும்பத்திடம் வாங்கிய கடனை அடைக்கப் போனது. நுட்பமான இறையியல் வேறுபாடுகள் சந்தைக்கு வந்தபோது கரைந்துபோயின. மக்கள் கைக்கு வந்து சேர்ந்தது, பொறுப்பை விலைக்குக் கைமாற்றலாம் என்ற எண்ணம்.

1517 அக்டோபர் 31 அன்று லூதர் ஆல்பிரெக்டுக்குக் கடிதம் எழுதி, 95 கருத்துரைகளையும் சேர்த்து அனுப்பினார். விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பது அவற்றில் முதலாவது. பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது 1522 மார்ச் 9 அன்று விட்டன்பர்க் நகர ஆலயத்தில் அவர் ஆற்றிய மறையுரை. நகரத்தில் சீர்திருத்தம் கலவரமாக மாறியிருந்த நேரம். வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்த லூதர் திரும்பி வந்திருந்தார். எல்லோரும் மரணத்துக்கு அழைக்கப்பட்டிருக்கிறோம், ஒருவருக்காக மற்றவர் சாக முடியாது, அந்த நேரத்தில் நான் உன்னோடு இருக்க மாட்டேன், நீ என்னோடு இருக்க மாட்டாய் என்ற பொருளில் அவர் பேச்சைத் தொடங்கினார். மறுமை நாளைப் பற்றி ஒரு முஸ்லிம் ஆலிம் ஜும்ஆ உரையில் இதையே சொல்லியிருந்தால் கேட்பவர் யாரும் வியந்திருக்க மாட்டார்.

எந்த ஆன்மாவும் இன்னொன்றின் சுமையைச் சுமக்காது என்ற கருத்து குர்ஆனில் ஐந்து இடங்களில் வருகிறது: அல்அன்ஆம், பனீ இஸ்ராயீல், ஃபாத்திர், அஸ்ஸுமர், அந்நஜ்ம் ஆகிய அத்தியாயங்களில். அவரவர் ஏட்டை அவரவரே வாசித்துத் தமக்குத் தாமே கணக்குப் பார்க்கும் நாளையும் அது விவரிக்கிறது. பரிந்துரை உண்டு, ஆனால் இறைவனின் அனுமதியின்றி இல்லை. விவிலியத்திலும் இந்தக் குரல் ஒலிக்கிறது. தந்தையின் குற்றத்தை மகன் சுமக்க மாட்டான் என்கிறது எசேக்கியேல் 18ஆம் அதிகாரம். பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில், ஒருவர் சுமையை மற்றவர் தாங்குங்கள் என்றும், அவரவர் பாரத்தை அவரவர் சுமப்பார் என்றும் சில வரிகளுக்குள்ளேயே இரண்டும் வருகின்றன.

ஆனால் லூதர் தம் மறையுரையைத் தனித்துச் சாவதோடு முடித்துவிடவில்லை. பாவச் சுமையை ஏற்கெனவே கிறிஸ்து சுமந்துவிட்டார், அதை நம்புவதொன்றே மனிதர் செய்யக்கூடியது என்பதே அவருடைய இறையியலின் நடுத்தூண். 1524இல் மனித விருப்பம் சுதந்திரமானது என்று மனிதநேய அறிஞர் எராஸ்மஸ் எழுதினார். மறு ஆண்டே, மீட்பு விஷயத்தில் மனித விருப்பம் அடிமைப்பட்டது என்று லூதர் மறுத்தெழுதினார். துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டதற்கு அடுத்த ஆண்டு, 1530இல், துருக்கியரிடம் இருபது ஆண்டுகள் கைதியாக இருந்த ஹங்கேரி நாட்டு ஜார்ஜின் பழைய நூலுக்கு அவர் ஒரு முன்னுரை எழுதினார். துருக்கியரின் ஒழுக்கமும் நோன்பும் தொழுகையும் நம் துறவியரையும் வெட்கப்படவைக்கும் என்று அதில் ஒப்புக்கொள்கிறார். அதிலிருந்து அவர் பெறும் முடிவோ, அப்படியானால் நற்செயல்கள் மீட்பின் அடையாளமல்ல என்பது. 1542இல் குர்ஆனின் லத்தீன் மொழிபெயர்ப்பைப் பாசல் நகர மன்றம் தடுத்தபோது அச்சிட அனுமதிக்கும்படி எழுதியவரும் அவரே. பிப்ளியாண்டர் பதிப்பித்த அந்த நூல் 1543இல் வெளிவந்தது. இஸ்லாத்தை மறுப்பதற்காகவே என்றாலும், அதன் மூலநூலை மக்கள் படிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார்.

லூதருக்கும் எராஸ்மஸுக்கும் இடையே நடந்த வழக்கு இஸ்லாத்துக்குள் எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது என்பது அக்காலத்தில் அவர்களுக்குத் தெரியாது. அதை ஐரோப்பாவுக்கு எடுத்துக் காட்டியவர்களில் முன்னிற்பவர்கள் ஜெர்மன் அறிஞர்கள். பஸ்ராவின் ஹசன், 728இல் மறைந்தவர், கலீஃபா அப்துல் மலிக்குக்கு எழுதியதாகச் சொல்லப்படும் மடலை 1933இல் ‘டெர் இஸ்லாம்’ ஆய்விதழில் ஹெல்முட் ரிட்டர் பதிப்பித்தார். தீமையை இறைவன் விதித்தான் என்று சொல்லித் தப்பிக்க எவருக்கும் வழியில்லை என்பது அந்த மடலின் சாரம். அதன் ஆசிரியர் உண்மையில் ஹசன்தானா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உமய்யாக்கள் காலத்தில் ஆட்சியாளரின் கொடுமைகளையும் விதியின் கணக்கில் எழுதியவர்கள் இருந்தார்கள் என்பதை நினைத்தால், இந்த இறையியல் வழக்கில் அரசியல் எவ்வளவு இருந்தது என்பது விளங்கும். மனிதர் தம் செயலுக்குத் தாமே கர்த்தா என்று முஃதஸிலா என்ற இறையியல் பள்ளியினர் வாதிட்டார்கள். செயலை இறைவன் படைக்கிறான், மனிதர் அதை ஈட்டிக்கொள்கிறார் என்று பத்தாம் நூற்றாண்டில் அல்அஷ்அரி ஒரு நடுவழி கண்டார். இந்த விவாதங்களின் தொடக்க நூற்றாண்டுகளின் வரலாற்றை 1991 முதல் 1997 வரை ஆறு தொகுதிகளாக எழுதியவர் டூபிங்கன் பல்கலைக்கழகத்தின் யோசெஃப் ஃபான் எஸ்.

லூதருக்குப் பின் ஜெர்மன் புராட்டஸ்டண்டுகளிடையே வந்த பக்தி இயக்கம், விசுவாசம் மட்டும் போதும் என்ற போதனை சோம்பலாகிவிட்டதென்று கவலைப்பட்டது. 1675இல் ஸ்பேனர் பிராங்பேர்ட்டில் எழுதிய நூலும், ஹாலே நகரில் பிராங்கே நிறுவிய அனாதை இல்லமும் பள்ளிகளும் தினந்தோறும் தன்னைத் தானே சோதிக்கும் பழக்கத்தை வலியுறுத்தின. அந்த ஹாலே வட்டத்திலிருந்து வந்தவர்தான் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு. 1708இல் உலக நீதி, கொன்றை வேந்தன் போன்ற தமிழ் நீதிநூல்களை அவர் ஜெர்மனில் பெயர்த்தார். தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பிப் பெற்ற மடல்களும் ஹாலேயில் அச்சாயின. அந்த மடல்களில் தமிழர்கள் ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் போதனையை அவர்களுடைய நடத்தையோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். செயலுக்குக் கணக்குக் கேட்கும் வேலையை அங்கே செய்தவர்கள் தமிழர்கள் என்பதை நம் ஆய்வாளர்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

அதே பக்தி இயக்கத்துக் குடும்பமொன்றில் வளர்ந்த இம்மானுவேல் காண்ட், லூதரின் நடுத்தூணிலேயே கை வைத்தார். பெர்லின் தணிக்கையோடு மோதி 1793இல் வெளிவந்த சமய நூலில் அவர் காட்டிய வேறுபாடு எளிமையானது. பணக்கடனை யார் அடைத்தாலும் கடன் கொடுத்தவருக்கு ஒன்றுதான். பாவக்கடன் அப்படிப்பட்டதல்ல, கடன்களிலெல்லாம் மிகமிகச் சொந்தமானது அது. எவ்வளவு பெருந்தன்மை உள்ளவரும் அதைப் பிறருக்காக ஏற்க முடியாது. குற்றமற்றவர் நமக்காகத் தண்டனை ஏற்றார் என்பதை அறிவு எப்படி ஏற்பது என்று அவர் கேட்டார். குர்ஆனைப் படித்து வந்த கேள்வியல்ல இது. லூதர் சீட்டுக்கு எதிராகத் தொடங்கிய வாதத்தை, லூதர் நிறுத்திய இடத்தில் நிறுத்தாமல் கொண்டுபோனதன் விளைவு.

இந்த வாதங்கள் எல்லாவற்றையும் சோதனைக்கு உள்ளாக்கியது 1945. யூதர்களைக் கொன்றழித்த அரசின் கீழ் வாழ்ந்த திருச்சபை இப்போது என்ன சொல்லும்? அக்டோபர் 18, 19 தேதிகளில் ஸ்டுட்கார்ட்டில் ஜெர்மன் சுவிசேஷத் திருச்சபையின் மன்றம் கூடியது. உலகத் திருச்சபைகளின் தூதுக்குழு வந்திருந்தது. வூர்ட்டெம்பர்க் ஆயர் வூர்ம், பிற்காலத்தில் ஜெர்மன் குடியரசுத் தலைவரான ஹைனெமன், சாக்சன்ஹவுசன், தாக்கௌ முகாம்களில் அடைபட்டிருந்த நீமொல்லர் உள்ளிட்ட 11 பேர் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். தங்கள் வழியாகப் பல மக்களுக்கும் நாடுகளுக்கும் எல்லையற்ற துன்பம் நேர்ந்தது என்றும், இன்னும் துணிவோடு அறிக்கையிடாமலும் இன்னும் ஆழமாக அன்பு செய்யாமலும் இருந்ததற்காகத் தங்களையே குற்றம் சாட்டிக்கொள்வதாகவும் அதில் சொன்னார்கள்.

அறிக்கை நாளிதழ்களில் வந்ததும் நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. குண்டுவீச்சில் வீடிழந்த மக்கள், தங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டதாகக் கோபப்பட்டார்கள். நீமொல்லர் ஊர் ஊராகப் போய், முகாமில் கிடந்த தானே குற்றமற்றவனல்ல என்று பேசினார். எனினும் அறிக்கையின் குறைகள் பெரியவை. யூதர்கள் என்ற பெயரே அதில் இல்லை. யூத மக்களுக்கு எதிரான குற்றத்தில் பங்குண்டு என்று திருச்சபையின் பேரவை சொல்ல 1950இல் வைசன்ஸே கூட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கையெழுத்திட்ட வூர்மே சில ஆண்டுகளில், தண்டனை பெற்ற போர்க்குற்றவாளிகளுக்காகப் பரிந்து பேசினார். பொதுவாக எல்லோரும் குற்றவாளிகள் என்று அறிக்கையிடுவது, குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட குற்றத்துக்குக் கணக்குக் கொடுப்பதைவிட எளிதாக இருந்திருக்கிறது. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த இடத்தில்தான் தத்துவ அறிஞர் கார்ல் யாஸ்பர்ஸின் பணி மதிப்புப் பெறுகிறது. 1945-46 குளிர்காலத்தில் ஹைடல்பெர்க்கில் ஆற்றிய விரிவுரைகளை 1946இல் அவர் நூலாக்கினார். குற்றத்தை நான்காகப் பிரித்தார். சட்டக் குற்றத்தை நீதிமன்றம் விசாரிக்கும். அரசியல் பொறுப்பு குடிமக்கள் எல்லோரையும் சேரும். ஒழுக்கக் குற்றத்தை அவரவர் மனசாட்சி விசாரிக்கும். சக மனிதர் கொல்லப்படும்போது உயிரோடு இருந்துவிட்ட குற்றத்தை இறைவன் மட்டுமே விசாரிக்க முடியும். இப்படிப் பிரித்ததால், ஒன்றைக் காட்டி மற்றொன்றிலிருந்து தப்பும் வழி அடைபட்டது. அதே மாதங்களில் நியூரம்பெர்க் நீதிமன்றமும், மேலிடத்து ஆணை என்பது குற்றத்திலிருந்து விடுவிக்காது என்ற விதியின்படி விசாரணை நடத்தியது.

1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்ட போதகர் போன்ஹோஃபர் விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதிகள் 1949இல் வெளிவந்தன. பிறருக்காகக் குற்றச் சுமையை ஏற்கத் துணிவதும் பொறுப்பின் பகுதி என்று அவர் எழுதியிருந்தார். இதை 1965இல் இறையியலாளர் டொரதே ஸோலே இன்னும் கூர்மையாக்கினார். ஒருவருடைய இடத்தை முழுதாக எடுத்துக்கொண்டு அவரைத் தேவையற்றவராக்கும் மாற்றாள் வேறு, அவர் வரும்வரை அவர் இடத்தைக் காத்து நிற்கும் பிரதிநிதி வேறு என்றார் அவர். கிறிஸ்து இரண்டாம் வகை; எனவே மனிதர் வந்து தம் இடத்தில் நின்றே ஆக வேண்டும். ஔஷ்விட்சுக்குப் பின் பிறந்த இறையியல் இது. சுமக்க ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையைக் கைவிடாமலே, சுமையை அது மனிதரின் தோளில் திரும்ப வைத்தது.

1985 மே 8 அன்று குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் ஃபான் வைட்செக்கர் நாடாளுமன்றத்தில் பேசினார். முழு மக்களினத்துக்கும் சேர்த்துக் குற்றமென்று ஒன்றில்லை, குற்றம் தனிப்பட்டது. ஆனால் இளையோர் உட்பட எல்லோரும் கடந்த காலத்தின் விளைவுகளை ஏற்றாக வேண்டும் என்றார். சுவிசேஷத் திருச்சபைப் பேரணியின் தலைவராக இருந்தவர் அவர். வெளியுறவுத் துறை உயரதிகாரியாக இருந்த அவருடைய தந்தை நியூரம்பெர்க்கில் 1949இல் தண்டிக்கப்பட்டவர். சட்ட மாணவராக இருந்த மகன் அந்த வழக்கில் தந்தையின் தரப்புக்கு உதவியவர். தந்தையின் குற்றத்தை மகன் சுமக்க மாட்டான் என்ற எசேக்கியேலின் சொல்லை இவ்வளவு நெருக்கத்திலிருந்து பேசியவர் அரிது.

அதற்குள் ஜெர்மனி மாறியிருந்தது. 1961 அக்டோபர் 30 அன்று துருக்கியோடு கையெழுத்தான ஆள்சேர்ப்பு ஒப்பந்தத்தின் வழி வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் ஜெர்மன் பள்ளிகளில் படித்தார்கள். தம் பாட்டனார் செய்யாத குற்றத்தை இவர்கள் எப்படி நினைவுகூர்வது? முஸ்லிம் இளைஞர்கள் நாஜி வதைமுகாம்களைப் பார்க்கப் போன பயணங்களை ஆராய்ந்த மானிடவியலர் எஸ்ரா ஓஸ்யூரெக் 2023இல் வெளியிட்ட நூலில் ஒரு சங்கடத்தைப் பதிவு செய்கிறார். அந்த இளைஞர்கள் பலர், நாளை நமக்கும் இது நேருமோ என்று பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று அஞ்சினார்கள். எதிர்பார்க்கப்பட்ட குற்ற உணர்வு அவர்களிடம் இல்லையென்று குறைசொல்லப்பட்டார்கள். மற்றவர் சுமையைச் சுமக்காத ஆன்மா என்ற போதனையில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் குற்ற உணர்வு இயல்பாக வராது. ஆனால் இஸ்லாமியச் சட்டத்தில் ஃபர்ளு கிஃபாயா உண்டு. சமூகத்தில் சிலராவது செய்தாக வேண்டிய கடமையை எவருமே செய்யாவிட்டால் எல்லோரும் பாவிகள் ஆவார்கள். இழைத்த குற்றத்தைவிடச் செய்யத் தவறிய கடமைகளையே பேசும் ஸ்டுட்கார்ட் அறிக்கையைப் படிக்க இதைவிடப் பொருத்தமான இஸ்லாமியக் கண் இருக்க முடியாது என்று நான் கருதுகிறேன்.

2010 ஜனவரியில் ஜெர்மன் அறிவியல் மன்றம் பரிந்துரைத்ததை அடுத்து, டூபிங்கன், மூன்ஸ்டர், ஓஸ்னாப்ரூக், பிராங்பேர்ட், எர்லாங்கன் பல்கலைக்கழகங்களில் இஸ்லாமிய இறையியல் துறைகள் எழுந்தன. மூன்ஸ்டரில் முஹன்னத் கோர்ச்சிடே 2012இல் எழுதிய நூல், இஸ்லாத்தின் மையம் இறைவனின் அருளே என்றது. தீர்ப்பு நாளை, தண்டனை எண்ணும் கணக்கு நாளாக அல்லாமல், மனிதர் தம் வாழ்வின் உண்மையை நேருக்கு நேர் காணும் நாளாக அவர் விளக்கினார். முஸ்லிம் அமைப்புகளின் ஒருங்கிணைப்பு மன்றம் 2013இல் அவருடைய இறையியலைக் கடுமையாக விமரிசித்து ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அருளை இவ்வளவு முன்னிறுத்தினால் செயலின் கணக்கு என்னவாகும் என்பது அவரைப் படிக்கும் பலருக்கும் எழும் ஐயம். லூதரின் தோழர்களும் இதே ஐயத்தை எதிர்கொண்டு 1530இல் ஆக்ஸ்பர்க் அறிக்கையின் இருபதாம் பிரிவில் நீண்ட பதில் எழுத வேண்டியிருந்தது: நற்செயல்களை நாங்கள் தடைசெய்யவில்லை, விசுவாசத்திலிருந்து அவை பிறக்கின்றன என்று. கோர்ச்சிடேயின் பதில் அதற்கு மிக அருகில் நிற்கிறது. இறைவன் தன் அருளை உலகில் நிறைவேற்ற மனிதரைக் கருவியாக விரும்புகிறான். பசித்தவருக்கு உணவு போய்ச் சேராவிட்டால், அந்த இடத்தில் அருள் வராமல் போனதற்கு மனிதர் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் நூலிலிருந்து நான் பெறும் முடிவு.