குருதியற்ற உயிரியில் குளோபின்: நீலப்பச்சைப் பாசி ஆய்வு வரலாற்றில் பெயரும் பணியும்

ஹீமோகுளோபினுக்குத் தமிழில் ‘குருதிவளிக்காவி’ என்னும் கலைச்சொல்லும் வழங்குகிறது. குருதி என்பது இருப்பிடம். வளியைக் காவிச் செல்லல் என்பது பணி. இரண்டும் பெயரிலேயே அமைந்துள்ளன. குருதியே இல்லாத ஒளிச்சேர்க்கை நுண்ணுயிரிகளில் குளோபின் கண்டறியப்பட்டபோது, அதன் பணி எதைக்கொண்டு ஊகிக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நீலப்பச்சைப் பாசிகள் இந்தியாவில் நெல்வயலோடு சேர்த்தே அறியப்பட்டவை. நெல்வயலின் நைட்ரஜன் வளத்தில் அவற்றுக்குள்ள பங்கினை பி.கே. டே 1939இல் எடுத்துக்காட்டினார். சென்னையில் எம்.ஓ.பி. ஐயங்கார் வளர்த்த பாசியியல் மரபில் வந்த டி.வி. தேசிகாச்சாரியின் ‘சயனோபைட்டா’ 1959இல் வெளிவந்து, இவ்வுயிரிகளை இனங்காண்பதற்கு அடிப்படை நூலாயிற்று. வகைப்பாடும் உரப் பயனுமே அக்காலத்து முதன்மை வினாக்கள்.

1992இல் மால்கம் பாட்ஸ் குழுவினர் ‘நாஸ்டாக் கம்யூன்’ என்னும் நீலப்பச்சைப் பாசியில் குளோபின் இருப்பதை ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டனர். அதனைத் தசையில் உள்ள மயோகுளோபினின் பெயராலேயே குறித்தனர். மயோகுளோபினில் 153 அமினோ அமிலங்கள் உள்ளன. இதிலோ 118 மட்டுமே. இதற்குரிய மரபணு, நைட்ரஜன் நிலைநிறுத்தத்திற்கான ‘நிஃப்’ மரபணுக்களின் நடுவே அமைந்திருந்தது. நைட்ரோஜினேஸ் நொதியை ஆக்சிஜன் செயலிழக்கச் செய்யும். அவரை இனச் செடிகளின் வேர் முடிச்சுகளில் ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தும் குளோபின் ஒன்றினைக் குபோ ஜப்பானில் முன்பே இனங்கண்டிருந்தார் (அதுவும், டேயின் ஆய்வு வந்த அதே 1939இல்தான்). ஆகவே நாஸ்டாக் குளோபினும் ஆக்சிஜனைப் பிணைத்து நைட்ரஜன் நிலைநிறுத்தத்திற்குத் துணைபுரிகிறது என்னும் ஊகம் இயல்பாகவே எழுந்தது. இதனைப் பிழை என்பதற்கில்லை. எனினும் மரபணுவின் அண்டையிடம் பணிக்குச் சான்றாகாது, குறிப்பு மட்டுமே.

அவ்வூகம் ஏனைய உயிரிகளுக்குப் பொருந்தவில்லை. ‘கிளாமிடோமோனஸ் யூகாமெட்டோஸ்’ என்னும் பச்சைப் பாசியின் பசுங்கணிகத்தில் குளோபின் உண்டென்று 1994இல் தெரியவந்தது. 1996இல் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியிடப்பட்ட ‘சினெகோசிஸ்டிஸ்’ இனத்திலும் குளோபின் மரபணு இருந்தது. இவ்விரண்டும் நைட்ரஜனை நிலைநிறுத்துவன அல்ல. 2000இல் வெளியான படிக அமைப்பு ஆய்வு, கிளாமிடோமோனஸ் குளோபினின் மடிப்பில் மூன்றன்மேல் மூன்றாக அல்லாமல் இரண்டன்மேல் இரண்டாகச் சுருள்கள் அடுக்கப்பட்டிருப்பதைக் காட்டியது. ‘குறுகிய ஹீமோகுளோபின்’ என்னும் தனிவகை நிலைபெற்றது. 2010இல் லெகோம்ட் குழுவினர், ‘சினெகோகாக்கஸ்’ இனத்தின் குளோபின் வினைத்திறன் மிக்க நைட்ரஜன் சேர்மங்களிலிருந்து உயிரணுவைக் காப்பதற்குச் சான்றளித்தனர். ஆக்சிஜனைச் சுமப்பதன்று, நச்சினை எதிர்கொள்வதே அங்கு அதன் பணியாகத் தோன்றுகிறது.

இந்நிலையில் நாஸ்டாக் புரதத்தைத் தமிழில் ‘குருதிவளிக்காவி’ என எழுதுவது இருவகையில் பொருந்தாது: அவ்வுயிரிக்குக் குருதி இல்லை, வளியைக் காவுவதே இவ்வகைப் புரதங்களின் பொதுப் பணி என்பதும் நிறுவப்படவில்லை. இக்கட்டுரை முழுவதும் ‘குளோபின்’ என்னும் ஒலிபெயர்ப்பு ஆளப்பட்டிருப்பது இதனாலேயே.