ரெடிட் கதவடைப்பு (2023)

அமெரிக்காவின் ரெடிட் தளம் கொண்டுவந்த புதிய கட்டண விதியை எதிர்த்து, அதன் பயனர் குழுக்கள் 2023 ஜூனில் நடத்திய போராட்டம். தொழிற்சங்க மொழியில் கதவடைப்பு என்பது முதலாளி செய்வது. இங்கே சம்பளமே வாங்காதவர்கள் முதலாளியின் கடையைப் பூட்டினார்கள்.

ஸ்டீவ் ஹஃப்மன், அலெக்சிஸ் ஓஹானியன் இருவரும் 2005இல் தொடங்கிய ரெடிட், 'சப்ரெடிட்' எனப்படும் குழுக்களால் ஆனது. வசையையும் விளம்பரக் குப்பையையும் களைந்து அவற்றை நடத்துபவர்கள் மட்டுறுத்துநர்கள், எல்லோரும் தன்னார்வலர்கள். குழுவை வெளியார் பார்க்க முடியாதபடி மூடும் வசதி அவர்கள் கையில் இருந்தது. 2015 ஜூலையில், தங்களோடு நெருங்கிப் பணியாற்றிய ஊழியர் ஒருவர் நீக்கப்பட்டபோது அதைப் பயன்படுத்தினார்கள். சில நாட்களில் தலைமை நிர்வாகி எலன் பாவோ பதவி விலக, அந்த நாற்காலிக்குத் திரும்பி வந்தவர் ஹஃப்மன். எட்டு ஆண்டு கழித்து அதே ஆயுதம் அவரை நோக்கித் திரும்பியது.

சண்டை ஏபிஐ பற்றியது: வெளியார் செயலிகள் தளத்தின் பதிவுகளை எடுத்துக் காட்டுவதற்கான வாசல். அது பல்லாண்டுகளாக இலவசம். ரெடிட்டின் இன்றைய அதிகாரபூர்வச் செயலி வந்ததே 2016இல்தான். அதற்கு முன் கைபேசிப் பயனர்களுக்குக் கைகொடுத்தவை வெளியார் செயலிகள். செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் பதிவுகளை இலவசமாக அள்ளுகின்றன என்று காரணம் காட்டி, 2023 ஏப்ரலில் கட்டணம் அறிவிக்கப்பட்டது. விலை தெரிந்தது மே இறுதியில்: செயலி தளத்திடம் பதிவு கேட்கும் 1000 அழைப்புக்கு 24 சென்ட். அற்பமாகத் தோன்றும் தொகை. 'அப்போலோ' செயலியை உருவாக்கிய கிறிஸ்டியன் செலிக் கணக்குப் பார்த்தபோது ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வந்தது. ஜூன் 30உடன் கடையைக் கட்டுவதாக அவர் அறிவித்தார். பார்வையற்றோர் குழுவின் கவலை வேறு: நிறுவனத்தின் செயலி திரைவாசிப்பானோடு சரிவர ஒத்துழைக்கவில்லை. லாப நோக்கமற்ற அணுகல் செயலிகள் சிலவற்றுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது.

ஜூன் 12 அன்று 8000க்கும் மேற்பட்ட குழுக்கள் மூடின; அந்தச் சுமையில் தளமே சிறிது நேரம் முடங்கியது. ஆனால் போராட்டம் இரண்டே நாள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். முடியும் தேதியோடு வரும் வேலைநிறுத்தத்தை எந்த முதலாளியும் காத்திருந்தே கடந்துவிடுவார். இதுவும் ஓய்ந்துவிடும் என்று ஹஃப்மன் ஊழியர்களுக்கு எழுதிய குறிப்பு வெளியே கசிந்தது.

பூட்டை நீட்டித்தவர்களுக்குப் பதவி பறிபோகும் என்ற எச்சரிக்கை வந்தது. அதன்பின் கேலி ஆயுதமாயிற்று: படங்களுக்கான பெரிய குழு, நகைச்சுவையாளர் ஜான் ஆலிவரின் படங்களை மட்டுமே ஏற்போம் என்று வாக்கெடுத்து முடிவு செய்தது; அவரே தன் படங்களை வெளியிட்டு உதவினார். விளம்பரம் வராதபடி வயதுவந்தோர் பக்கமாக மாறிய சில குழுக்களின் மட்டுறுத்துநர்கள் நீக்கப்பட்டனர்.

ஜூலை 1 முதல் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. பதிவுகளைப் பயன்படுத்த கூகுளோடு 2024 பிப்ரவரியில் ஒப்பந்தம். மார்ச்சில் 34 டாலர் விலையில் நியூயார்க் பங்குச்சந்தை நுழைவு. 2024 செப்டம்பர் இறுதியில் ரெடிட் இன்னொரு விதியைக் கொண்டுவந்தது: பொதுவில் உள்ள குழுவை மூட வேண்டுமானால் இனி நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டும்.