புந்தோங் கச்சாங் பூத்தே: குடும்பத் தொழில் நிலைக்க என்ன வழி?

ஈப்போ, புந்தோங்கிலுள்ள 'கம்போங் கச்சாங் பூத்தே' மலேசியர்கள் பலரும் அறிந்த பெயர். தமிழ்நாட்டின் எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் 1940களில் இங்குக் குடியேறி, கடலை வறுப்பதையும் முறுக்குப் பிழிவதையும் தொழிலாக்கின. தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் கொண்டுசென்று, பள்ளி, திரையரங்கு வாசல்களில் காகிதக் கூம்பில் மடித்து விற்றனர்.

இன்று தொழிலுக்கு நெருக்கடி இரண்டு. கடலை, பருப்பு வகைகள் இறக்குமதியாவதால் ரிங்கிட் சரிந்தால் அடக்கவிலை ஏறும். வெப்பமான அடுப்படி வேலைக்கு ஆள் கிடைப்பதும் அரிது.

வீட்டில் பலகாரம் செய்து விற்போர் முதலில் செய்ய வேண்டியது பதிவு. தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் (எஸ்எஸ்எம்) பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60 ரிங்கிட். 2009 உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி உணவைக் கையாள்வோர் பயிற்சி பெற்று, டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும்.

பதிவு இருந்தால் கடனுதவிக்கு விண்ணப்பிப்பது எளிது. தெக்குன் நேஷனலின் 'ஸ்பூமி' திட்டம் இந்தியத் தொழில்முனைவோருக்கானது. அமானா இக்தியாரின் 'பெண்' திட்டம் இந்திய மகளிருக்கானது. விண்ணப்பிக்கும் முன் வரவு செலவைக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைப்பது நல்லது.

வாடிக்கையாளர்களுக்கும் பங்குண்டு. தீபாவளிப் பலகாரத்தை ஒரு மாதம் முன்பே சொல்லி, முன்பணம் கொடுங்கள். மூலப்பொருள் வாங்க அதுவே வட்டியில்லாக் கைமாற்று.