கம்பளத்துக்கு அடியிலிருந்து வந்த பாய்

யோகா வகுப்புக்குப் போகிறவர்கள் சுருட்டித் தோளில் மாட்டிக்கொள்ளும் அந்த ஊதா நிற நுரைப் பாய் சென்னை, கோவையைத் தாண்டி சேலம் பக்கத்துப் பனமரத்துப்பட்டி வரைக்கும் வந்துவிட்டது. யோகத்துக்கு வயது ஈராயிரத்தைத் தாண்டும். இந்தப் பாய்க்கோ அறுபதை ஒட்டித்தான்.

அதற்கு முன் எதன்மேல் உட்கார்ந்தார்கள்? கீழே தர்ப்பை, அதன்மேல் மான்தோல், அதற்கும் மேலே துணி என்று அடுக்கச் சொல்கிறது பகவத்கீதை. பதஞ்சலியின் 195 சூத்திரங்களில் ஆசனத்துக்குக் கிடைத்தது மூன்றே மூன்று. அசையாமல், சிரமமில்லாமல் உட்கார முடிந்தால் போதும், மற்றதெல்லாம் மனசை அடக்கும் வேலை. 15ஆம் நூற்றாண்டின் ஹடயோக பிரதீபிகை 15 ஆசனங்களைச் சொல்கிறது. அதில் ஒன்றுகூட நின்று செய்வது கிடையாது. உட்கார்ந்தவனுக்கு வழுக்குமா என்ன?

நம் பக்கத்தில் தர்ப்பையின் இடத்தைக் கோரை பிடித்துக்கொண்டது. மோகனூர் பக்கம் காவிரிக் கரையில் இன்றும் கோரை பயிராகிறது. அறுத்து, கிழித்து, காயவைத்துத் தறிக்கு அனுப்புகிறார்கள். கோரைப்பாய்க்கே பேர்போன ஊர் நெல்லைச் சீமையின் பத்தமடை. அங்கே 1887இல் பிறந்த குப்புசாமி மலாயாவில் டாக்டராக இருந்து, பிறகு ரிஷிகேசம் போய் சுவாமி சிவானந்தர் ஆனார். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் 1957இல் அமெரிக்காவுக்கு யோகத்தைக் கொண்டுபோனார். பத்தமடைப் பாய் மட்டும் கூடப் போகவில்லை. போயிருந்தாலும் பளபளவென்ற மரத்தரையில் சறுக்கி மானத்தை வாங்கியிருக்கும்.

ஏனென்றால் அதற்குள் யோகம் எழுந்து நின்றுவிட்டது. 1930களில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் மகாராஜாவின் ஆதரவோடு கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய யோகசாலையில், பையன்கள் மூச்சுக்கு ஒரு அசைவாகக் குதித்துக் குதித்து ஆசனம் போட்டார்கள். அன்றைய உடற்பயிற்சிக் கூடங்களின் வாசனை அதில் அடிக்கிறது என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. அந்த மாணவர்களில் ஒருவரான பி.கே.எஸ். அய்யங்கார் 1966இல் வெளியிட்ட புத்தகத்தில் ஏறக்குறைய 600 படங்கள். காலை அகட்டி நிற்கும் திரிகோணாசனம் ஐரோப்பாவுக்குப் பரவியது. கூடவே வழுக்கலும்.

அய்யங்காரிடம் பயின்ற ஆங்கிலப் பெண்மணி ஏஞ்சலா ஃபார்மர். சின்ன வயதில் செய்த ஓர் அறுவைச் சிகிச்சையால் அவருக்குக் கை கால் வியர்ப்பதே இல்லை. காய்ந்த பாதம் தரையைப் பிடிக்குமா? 1960களின் கடைசியில் ஜெர்மனியில் வகுப்பெடுத்தபோது, கம்பளம் நகராமலிருக்க அதன் அடியில் விரிக்கும் நுரைத் துண்டு ஒன்று கையில் கிடைத்தது. அதை வெட்டிக் காலுக்கடியில் போட்டார், பாதம் ஒட்டிக்கொண்டது. ஊருக்கு எடுத்துவந்ததும் பார்த்தவரெல்லாம் எனக்கொன்று எனக்கொன்று என்றார்கள். அவருடைய அப்பா அந்த ஜெர்மன் தொழிற்சாலைக்கே எழுதிப் போட்டு, வரவழைத்து விற்க ஆரம்பித்தார். 1990இல் அமெரிக்காவின் ஹக்கர் மக்கர் கம்பெனி யோகாவுக்கென்றே தனியாகத் தயாரித்தது. பிறகு நகலெடுக்காத கம்பெனி எது!

வேடிக்கை இன்னும் முடியவில்லை. வியர்க்காத ஒருவருக்காகப் பிறந்த பாய், வியர்த்துக் கொட்டுகிறவர்களின் காலை வாரிவிட்டது. மைசூரில் யோக ஆசிரியர் பட்டாபி ஜோயிஸ் வழியில் பயில்கிறவர்கள் நுரைப் பாயின்மேல் பருத்தி விரிப்பு ஒன்றைப் போட்டுக்கொள்கிறார்கள். வியர்வையைத் துணி குடித்துவிடும். வெளிநாட்டுக் கடைகளில் அதற்கு மைசூர் விரிப்பு என்று பெயர். முரட்டு நூல், பட்டை பட்டையாக நிறம். குமாரபாளையம் தாண்டி ஆற்றைக் கடந்தால் பவானியில் நெய்கிற ஜமக்காளத்துக்கு அது ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. கல்யாண மண்டப அளவைக் கொஞ்சம் மறந்து, இரண்டடிக்கு ஆறடியில் நெய்து பார்க்கலாம் நம் தறிக்காரர்கள்.