சுட்ட மண்ணில் யார் பெயர்?

செய்யூர் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளில் வெட்டு நடக்கும்போது கட்டை எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. சாரத்துக்கு, காகித ஆலைக்கு, அடுப்புக்கு. இதே கரையில் தெற்கே, புதுச்சேரியில், ஒரு மட்கலச் சூளையிலும் சவுக்கு எரிந்தது. அதை மூட்டியவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த தம்பதியர் டெபோரா ஸ்மித், ரே மீக்கர். அரவிந்தர் ஆசிரமத் தொடர்பில் 1971இல் அவர்கள் தொடங்கிய ‘கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி’யை விட்டுவிட்டு இந்திய நவீன மட்கலையின் வரலாற்றை எழுத முடியாது. இதில் எனக்கு மறுப்பில்லை. அந்த வரலாற்றில் ‘கலைஞர் தம்பதி’ என்ற சொல் என்ன வேலை செய்கிறது என்பதில்தான் சிக்கல்.

தம்பதியாக மண்ணில் உழைப்பது இந்தக் கரைக்குப் புதிதா என்ன? குயவர் வீட்டில் களிமண்ணை மிதிப்பது, கல் பொறுக்குவது, காய வைப்பது, சந்தைக்குச் சுமப்பது எல்லாம் பெண். சக்கரத்தில் உட்காருவது ஆண். பெண் சக்கரத்தைத் தொடக்கூடாதுன்னு பல ஊர்களில் தடையே உண்டு. கல்யாணத்து அரசாணிப் பானையும் சாவுக்குக் கொள்ளிக்குடமும் அந்த இருவரிடமிருந்துதான் வந்தன. அவர்களை யாரும் கலைஞர் தம்பதி என்று சொன்னதில்லை. சாதிப் பெயர் போதுமானதாக இருந்தது.

மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கியபோது மட்பாண்டமும் அங்கே பாடமாயிற்று. ஆனால் அதே காலனியக் கல்விதான் ‘கலை’யை ஒரு பக்கமும் ‘கைவினை’யை இன்னொரு பக்கமும் நிறுத்தியது. குயவர் எந்தப் பக்கம் போனார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

டெபோரா ஜப்பானின் பிஜென் மரபில் பயின்றவர். ரே கட்டடக்கலை படித்துவிட்டு மட்கலைக்கு வந்தவர். அவர்கள் கொண்டுவந்தது உயர்வெப்பச் சூளை. நம் ஊர்ச் சட்டி 800 டிகிரியைச் சுற்றி வேகும். இவர்கள் கலம் 1300 டிகிரி வரை போய்க் கல்லாக இறுகும். மேலே பூசிய கிளேஸ் உருகிக் கண்ணாடியாகும். அந்தக் கண்ணாடிப் படலந்தான் மண் சட்டியின் சமூக விதியை மாற்றியது. மெருகில்லாத மண் எச்சிலையும் தீட்டையும் உறிஞ்சும் என்பது சாதிச் சமூகத்தின் நம்பிக்கை. அதனால்தான் ஒருமுறை குடித்து உடைக்கும் பழக்கம். கண்ணாடிப் பூச்சு எதையும் உறிஞ்சாது. கழுவி அடுக்கலாம், விலை வைக்கலாம், கண்காட்சியில் வைக்கலாம்.

இனி அந்த வீட்டுக்குள்ளே பார்க்கலாம். கோப்பை, தட்டு, ஜாடி என்று அன்றாடக் கலங்களின் உருவமும் தூரிகை ஓவியமும் உற்பத்தி மேற்பார்வையும் பெரிதும் டெபோராவின் பொறுப்பு. ரே சூளை கட்டினார், மாணவர்களுக்குக் கற்பித்தார். ஈரானின் நாதர் கலீலி செய்த சோதனைகளை ஒட்டி 1985இலிருந்து பத்தாண்டுக்கு மேல் வீட்டையே சுட்டார். பச்சை மண் கல்லால் வளைவுக்கூரை எழுப்பி, உள்ளே வேகாத செங்கல்லையும் ஓட்டையும் அடுக்கி, நாட்கணக்கில் தீ வைப்பது. வீடே சூளை. உள்ளே வெந்த சரக்கை விற்றால் விறகுச் செலவு வந்துவிடும் என்பது கணக்கு. அசாத்தியமான கற்பனை! ஆனால் ஏழைக்கு மலிவான வீடு என்ற கனவு ஊர்களுக்குப் பரவவில்லை. (நம் செங்கல் சூளைகளில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்களும் தம்பதி தம்பதியாகத்தான் கல் அறுத்தார்கள். அந்தத் தீயைப் பற்றிக் கலை விமர்சனம் பேசியதில்லை.) பிறகு அவர் ஆளுயரத்தை மிஞ்சும் சுடுமண் சிற்பங்களுக்குப் போனார். காட்சிக்கூடம் சிற்பத்தைக் கொண்டாடியது. பட்டறைக்குச் சோறு போட்ட கோப்பை அடுக்களைக்குப் போனது. தம்பதிக்குள்ளேயே கலை ஒருவர் பக்கமும் கைவினை மற்றவர் பக்கமுமாக விழுந்ததை ஆளின் குற்றமாக நான் பார்க்கவில்லை. கண்காட்சி என்ற அமைப்பே அப்படித்தான் பிரிக்கிறது.

அதே ஊருக்குத் தெற்கே அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது இத்தாலியிலிருந்து வந்த அரிட்டைன் தட்டுகளில் விபி, கமுரி, இட்டா என்று பட்டறை முத்திரைகள் கிடைத்தன. உள்ளூர்ச் சில்லுகளில் தமிழி எழுத்தில் கீறியவையும் உண்டு. அவற்றைப் பெரும்பாலும் கலத்தை வைத்திருந்தவர் பெயராகவே படிக்கிறார்கள். வெளியூர்த் தட்டில் பட்டறைப் பெயர், உள்ளூர்ச் சட்டியில் உடையவன் பெயர். உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கிச் செய்த மணிகள் அங்கிருந்து கடல் தாண்டிப் போயின. அவற்றில் ஒரு பெயரும் இல்லை. புறநானூற்றில் கிள்ளிவளவன் இறந்தபோது தாழி வனையும் குயவரை அழைத்துப் பாடுகிறார் ஐயூர் முடவனார். அரசன் பெயர் நமக்குத் தெரியும், புலவர் பெயரும் தெரியும். தாழி வனைந்தவர் பெயர் தெரியாது.

கோல்டன் பிரிட்ஜில் கூலிக்குச் சேர்ந்து வேலை கற்ற உள்ளூர்க்காரர்கள் பலர் பின்னால் தனிப் பட்டறை வைத்தார்கள். ‘பாண்டிச்சேரிப் பாட்டரி’ என்று இன்று கடைகளில் கிடைப்பதில் கணிசமானது அவர்கள் வழியாக வந்தது. சிறப்பிதழ்களும் பட்டியல்களும் ‘மாணவர்’ என்று எண்ணுவது பம்பாயிலிருந்தும் தில்லியிலிருந்தும் வந்து பயின்றவர்களை. இவர்களுக்கு அங்கே கிடைப்பது ‘பணியாளர்’. இரண்டு கூட்டமும் ஒரே சூளைமுன் கற்றவர்கள். ஒரு கூட்டத்துக்குத் தனிநபர் கண்காட்சி உண்டு, இன்னொரு கூட்டத்துக்கு ஊர்ப்பெயரில் ஒரு சரக்கு. மட்கலை வரலாற்றை மறுபடி எழுத வேண்டுமானால் சம்பளப் பதிவேட்டிலிருந்து தொடங்கலாம் என்பது என் கட்சி.

எங்கள் பக்கம் ஏரிக்கரை ஐயனாருக்கு இப்போது மண் குதிரை செய்வதில்லை. செங்கல், சிமெண்டு, கம்பி, மேலே எனாமல் பெயிண்ட், கண்ணுக்குக் கண்ணாடிக் கோலி. நகரத்துக் கூடத்தில் நின்றால் கலப்பு ஊடகம் என்று அட்டை தொங்கும். குதிரையின் வயிற்றில் நீல எழுத்தில் ‘உபயம்’ என்று போட்டு, கீழே பணம் கொடுத்த குடும்பத்தார் பெயரை வரிசையாக எழுதியிருக்கிறது. செய்தது யாருன்னு பூசாரியைக் கேட்டேன். “அவரு வெளியூரு” என்றார்.