திருமதி ஹெச். சிட்ஜ்விக்

திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலேறிப் போய் விழுப்புரத்தில் இயற்பியல் படித்தேன். ஆய்வகத்தில் ‘போஸ்ட் ஆபீஸ் பெட்டி’ என்று ஒரு மரப்பெட்டி இருந்தது. தந்திக் கம்பியில் பழுது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அதன் மின்தடையைக் கொண்டே கண்டுபிடிக்க பிரிட்டிஷ் அஞ்சல் துறை வைத்திருந்த கருவி. பித்தளைக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் செருகுசாவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். கால்வனாமீட்டர் முள் சுழியில் நின்றால் விடை கிடைத்துவிடும். சாவி எடுப்பது பையன்கள். “நீ ரீடிங் எழுதுப்பா, உன் கையெழுத்துதான் நல்லாயிருக்கு.” மூன்று வருஷம் எழுதினேன்.

ஓம், வீட்ஸ்டன், கிர்க்காஃப். பாடத்தில் வந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். எலினார் சிட்ஜ்விக் என்ற பெயரைப் படிப்பு முடிந்து பல வருஷம் கழித்துத்தான் பார்த்தேன்.

1860களில் பிரிட்டனில் ஓம் அலகுக்கென்று ஒரு கம்பிச்சுருளைப் படிவமாக வைத்தார்கள். அது சரிதானா என்று 1880களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் மறுபடி அளந்தவர்கள் ராலே பிரபுவும் அவர் மனைவியின் அக்கா எலினாரும். சுழலும் தட்டை வைத்துச் செய்த சோதனையில் பழைய படிவம் 1 சதவீதத்துக்கும் மேல் குறைவு என்று தெரிந்தது. அலகே பிசகினால் அதை வைத்துப் போட்ட கணக்கெல்லாம் பிசகும். இன்னொரு சோதனை பாதரசத்தில். கண்ணாடிக் குழாயில் நிரப்பிய பாதரசத்தை எடைபோட்டால் குழாயின் உள்ளளவு கணக்கில் வந்துவிடும். தடையை அளக்கும்போது குழாய் பனிக்கட்டிக்குள் இருக்க வேண்டும், சூடு ஏறினால் தடையும் ஏறும். ஒரு காற்றுக்குமிழ் போதும், எல்லாம் வீண். பொறுமையைப் பெண்களின் இயல்பு என்பார்கள். இங்கே அது தொழில்திறன்.

இதுபோன்ற அளவீடுகளை வைத்துத்தான் 1893 சிகாகோ மாநாட்டில், சுமார் 1 சதுர மில்லிமீட்டர் தடிமனும் 106.3 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பாதரசத் தூணின் தடையே 1 ஓம் என்று முடிவானது.

1883இல் ராயல் சொசைட்டி இதழில் வந்த கட்டுரைகளில் ராலேயின் பெயரோடு ‘திருமதி ஹெச். சிட்ஜ்விக்’ என்றும் இருக்கிறது. ஹெச் என்பது கணவர் ஹென்றி. ராலேயைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பெயரை மறைக்கவில்லை. அந்த ஆய்வக வகுப்புகளை 1882இல் பெண்களுக்குத் திறந்துவிட்டவரும் அவரே. ஆனால் கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் தர 1948 வரை ஆனது.

அதற்குள் இங்கே கிண்டி பொறியியல் கல்லூரியில், பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு விதவையான அ. லலிதா 1943இல் மின்பொறியியல் முடித்துவிட்டார். அவர் சான்றிதழில் ஆணுக்கென்று அச்சிட்டிருந்த ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு, பெண்ணுக்குரியதைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்.

என் ரெக்கார்டு நோட்டு பரணில் இருக்கிறது. அட்டையில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். ஆதாரில் இருப்பது வேறு எழுத்து.